அதுவாக நின்று, அதுவாக ஓடிய ஃபேன்

ஏலக்காயைப் பற்றித் தெரியாதவர் போடியில் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே அந்த வாசம் மூக்கைத் தொடும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நம் போடியிலும், மேலே வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதையும், அடுத்த மூன்று வருடத்துக்குள் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதையும் டீக்கடையில் உட்கார்ந்து பேசாதவர்கள் குறைவு. ராசிங்காபுரத்திலும் சிலமலையிலும் தேவாரத்திலும் விடியற்காலை ஜீப் சத்தம் கேட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பு பற்றவைப்பார்கள். அந்த ஜீப்புகள் எல்லாம் காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறவைதான்.

ஆனால் காட்டில் பறித்த காய் எப்படி அந்தப் பச்சை நிறம் மாறாமல் கடைக்கு வருகிறது என்று கேட்டால், ஸ்டோரில் வேலை பார்த்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். அதனால் ஸ்டோரில் வைத்து, அடுப்புச் சூட்டில் பதமாக உலர்த்த வேண்டும். அந்தப் பதத்துக்கு விறகு எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்கு இன்று மின்சாரமும் முக்கியம். நான் 33 வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு புரட்டாசி மாதம் மலையில் ஒரு ஸ்டோரில் பார்த்த மின்கோளாறைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு சின்னதுதான். ஆனால் அதற்குள் ஒரு மனிதனின் பிழைப்பும் பெயரும் மாட்டிக்கொண்டிருந்தன.

முதலில் ஸ்டோர் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். காற்று உள்ளே புகாத மாதிரி கட்டிய ஓர் அறை. உள்ளே அடுக்கடுக்காகச் சட்டங்கள். அவற்றில் கம்பி வலை போட்ட தட்டுகள். அறைக்கு வெளியே விறகு அடுப்பு இருக்கும். அடுப்பின் புகை பெரிய இரும்புக் குழாய் வழியாக அறையின் அடிப்பகுதியில் சுற்றி, மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். புகை காயில் படாது. குழாயின் சூடுதான் அறையைச் சுடும். அந்தக் காலத்தில் சூடு தானாக மேலே ஏறி, ஈரக்காற்று கூரைப் பக்கத்துத் திறப்பு வழியாகப் போக வேண்டும். இப்போது ஃபேன் வைத்துச் சூட்டுக் காற்றை எல்லாத் தட்டுக்கும் தள்ளுகிறார்கள்.

பறித்த காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 500 கிலோ பச்சைக்காய் ஏற்றினால் 100 கிலோவை ஒட்டித்தான் உலர்ந்த காய் கிடைக்கும். மீதி 400 கிலோவும் ஆவியாக அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு 18 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை ஆகும். சூடு 45 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கூடினால் காய் வெடித்துப் பழுப்பாகும். குறைந்தாலோ, ஈரக்காற்று வெளியேறாமல் தேங்கினாலோ காய் வேர்த்து, வெளுத்து, மஞ்சள் தட்டிவிடும். அதிலும் முதல் சில மணி நேரம்தான் உயிர்நாடி. நிறம் நிற்பதற்காக ஏற்றும் முன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுப்பவர்களும் உண்டு. எட்டு மில்லி காயாக இருந்தாலும் பச்சை இல்லை என்றால் ஏலத்தில் கை ஏறாது. உலகச் சந்தையில் குவாத்தமாலாக் காய் மலிவாகக் குவியும்போது நம் காய்க்கு மதிப்பைத் தேடித் தருவதே அந்த வாசமும் பச்சையும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை மகனுக்குப் போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில் நாலு ஏக்கர் ஏலக்காடு. சொந்தமாகச் சின்ன ஸ்டோர் ஒன்று கட்டியிருந்தான். பேங்க் கடன் வேறு. ஒரு நாள் காலையில் ராசிங்காபுரம் வந்து திண்ணையில் உட்கார்ந்தவன் முகமே சரியில்லை.

"மாமா, ரெண்டு தடவை ஏத்துன காயும் போச்சு. கீழ்த்தட்டுல வெடிச்சுக் கருகிருச்சு. மேல்தட்டுல வெளுத்துப்போச்சு. ஏலத்துல ஒருத்தரும் தொடலை. பெருசு ராத்திரி நல்லாத் தூங்கிட்டாரு. விறகை மொத்தமாத் திணிச்சுவிட்டுப் படுத்துக்கிறாரு போல. இந்தத் தடவையோட நிப்பாட்டிறப் போறேன்."

அவன் "பெருசு" என்று சொன்னவர் எங்கள் ஊர்க்காரர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சின்ன வயதிலேயே மலைக்குப் போய், நாற்பது வருடத்துக்கு மேல் பல ஸ்டோர்களில் அடுப்புப் பார்த்தவர். கையைத் தட்டின் மேல் காட்டியே சூடு எவ்வளவு என்று சொல்லக்கூடியவர். அவர் தூங்கிக் காயைக் கெடுத்தார் என்ற பேச்சு அதற்குள் ஜீப்பில் ஏறி ஊருக்கும் வந்துவிட்டது. குடித்துவிட்டுப் படுத்துவிட்டார் என்றுகூட ஒருவர் சேர்த்துச் சொன்னார். அவர் வாழ்நாளில் குடித்தவர் இல்லை. அந்த வயதில் அப்படி ஒரு பெயர் வந்தால் வேறு எந்த ஸ்டோரிலும் கூப்பிட மாட்டார்கள். சம்பளத்திலும் பிடித்தம் செய்திருந்தான் என் மருமகன்.

"கரண்டைப் பார்த்தியா மாப்ள?" என்று கேட்டேன்.

"எலக்ட்ரீசியன் மூணு தடவை வந்துட்டாரு மாமா. பேனல்ல காண்டாக்டர் மாத்தியாச்சு. மோட்டார் கெப்பாசிட்டர் மாத்தியாச்சு. தெர்மோஸ்டாட்டும் புதுசு. அவர் வர்றப்பல்லாம் நல்லாத்தான் ஓடுது. பெருசுதான் ஃபேன் அதுவா நிக்குது, அதுவா ஓடுதுன்னு கதை சொல்றாரு."

அதுவாக நின்று அதுவாக ஓடுகிறது என்ற அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். தூங்குகிற மனிதன் அப்படி ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க மாட்டான். தப்பிக்க நினைத்தால் "ஃபேன் கெட்டுப்போச்சு" என்று சொல்லுவான். நின்றது, பிறகு தானாகவே ஓடியது என்று சொல்ல, அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் திரும்பவும் 500 கிலோ ஏற்றப் போவதாகச் சொன்னான். பழைய டூல் பையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினேன். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஸ்டோருக்குப் போய்ச் சேர மணி மூன்று ஆகிவிட்டது.

போனதும் பேனலைத் திறக்கவில்லை. கெட்டுப்போன காயைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தட்டுக் காய் கருகியிருந்தது. மேல்தட்டுக் காய் வெளுத்திருந்தது. அடுப்புக்காரர் தூங்கினால் என்ன நடக்கும்? விறகு எரிந்து முடிந்து அடுப்பு அணையும். அறை முழுவதும் ஆறும். மேல், கீழ் எல்லாமே ஒன்றாக வெளுக்கும். கீழே கருகி மேலே வெளுக்க வேண்டுமானால், அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபேன் மட்டும் நிற்க வேண்டும். குழாய்ச் சூடு கீழேயே தங்கும். ஈரம் மேலே தேங்கும். காயே சாட்சி சொல்கிறது, அவர் விழித்திருந்து விறகு போட்டார் என்று.

பிறகு அடுப்புப் பக்கம் போனேன். அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணே, ஃபேன் எத்தனை மணிக்கு நிக்குது?"

"பொழுது அடைஞ்ச பிறகுதான் தம்பி. ஓடிக்கிட்டே இருக்கும், பட்டுன்னு நிக்கும். நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்குறதுக்குள்ள, ஒரு பீடி குடிக்கிற நேரத்துல, அதுவா ஓடும். மறுபடி நிக்கும்."

"ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை?"

அவர் பதில் சொல்லாமல் அடுப்பு வாய்க்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஒரு வரிசையில் 14 கோடு. அடுத்த வரிசையில் 11. அதற்கடுத்து 16. ஓர் இடத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டு, கோடே இல்லை.

"எழுதப் படிக்கத் தெரியாது. நிக்கிறப்பல்லாம் ஒரு கோடு போட்டேன். யாராச்சும் கேப்பாங்கன்னு நெனைச்சேன்."

"இந்த வட்டம் என்ன?"

"அன்னைக்குப் பூராவும் கரண்டு இல்லை தம்பி. ஜெனரேட்டர்ல ஓட்டுனோம். ஒரு தடவைகூட நிக்கலை."

எனக்கு அதைவிடப் பெரிய தடயம் வேண்டியதில்லை. மூன்று தடவை வந்த எலக்ட்ரீசியனும் சரி, மருமகனும் சரி, அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை.

ஏன் அது பெரிய தடயம் என்று சொல்கிறேன். இந்த ஸ்டோருக்குக் கரண்ட் வரும் வழி இதுதான். ரோட்டோரம் ஒரு சின்ன ஷெட்டில் மீட்டர் போர்டு. அங்கிருந்து சுமார் 60 மீட்டர் கம்பத்திலும் மரத்திலும் கட்டி வரும் இரண்டு அலுமினிய வயர். அது ஸ்டோர்ச் சுவரில் இருக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு வரும். ஜெனரேட்டரும் அதே சுவிட்சின் மறுபக்கம் சேரும். சேஞ்ச் ஓவரிலிருந்து பேனல், பேனலிலிருந்து ஒன்றரை குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றால் பேனல், காண்டாக்டர், கெப்பாசிட்டர், மோட்டார் எல்லாம் நல்லவை. கோளாறு சேஞ்ச் ஓவருக்கு முன்னால், அதாவது மீட்டருக்கும் ஸ்டோருக்கும் நடுவிலோ அதற்கும் அப்பாலோதான் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் சுவரில் போட்ட ஒரு வட்டம், பாதி வேலையை முடித்துவிட்டது.

அடுத்து பேனலைத் திறந்து பார்த்தேன். அதில் குறை வோல்ட் வந்தால் மோட்டாரைக் காக்கும் ஒரு ரிலே இருந்தது. 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும். வோல்ட் திரும்ப ஏறினால் மூன்று நிமிடம் பொறுத்துத் தானாக ஓட்டிவிடும். பெரியவர் சொன்ன ஒரு பீடிக் கணக்கும் இந்த மூன்று நிமிடமும் ஒத்துப்போனது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காய் ஏற்றி அடுப்புப் பற்றவைத்தோம். அப்போதெல்லாம் ஃபேன் நன்றாகவே ஓடியது. நான் அவசரப்படவில்லை. ஏழு மணிக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கு, எல்லா ஸ்டோரிலும் ஃபேன் என்று லைனில் சுமை ஏறும். காய்ப் பருவத்தில் மலை லைன்களில் வோல்ட் குறைவது இயல்பு. அந்த நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஏழரை மணிக்கு மருமகனை ஒரு மீட்டரோடு ரோட்டோர ஷெட்டுக்கு அனுப்பினேன். நான் ஸ்டோரில் இன்னொரு மீட்டரோடு நின்றேன். போன் சிக்னல் கிடையாது. அவன் அங்கிருந்து கத்த, நான் இங்கிருந்து கத்த, அளவுகளைப் பெரியவர் வீட்டுப் பேரன் ஒரு நோட்டில் எழுதினான்.

மோட்டாரை நிறுத்தி வைத்து அளந்தால் அங்கே 205 வோல்ட், இங்கேயும் 205. ஒரு வித்தியாசமும் இல்லை. மோட்டாரை ஓட்டினேன். அங்கே 203. இங்கே 186. பத்து நிமிடம் ஓடவிட்டேன். அங்கே அதே 203. இங்கே 179. பட்டென்று ஃபேன் நின்றது. அடுத்த நொடியே இங்கே வோல்ட் 205-க்கு ஏறிவிட்டது. மூன்று நிமிடம் கழித்து ஃபேன் தானாக ஓடியது.

மருமகன் ஓடி வந்து பேனலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். தண்ணீர்க் குழாயை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது. குழாயைத் திறக்காமல் இருக்கும்வரை அழுத்தம் முழுசாகத்தான் தெரியும். திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தன் குணத்தைக் காட்டும். மின்சாரமும் அப்படித்தான். சுமை இல்லாமல் அளந்தால் பாதி அறுந்த வயரும் முழு வோல்ட் காட்டும். எலக்ட்ரீசியன் தம்பி வந்ததெல்லாம் பகலில். அப்போது லைனில் 228 வோல்ட் இருந்திருக்கும். மோட்டாரை நாலு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எவ்வளவு குறைந்தாலும் 200-க்கு மேல்தான் நிற்கும். ரிலே விழாது. இரவில் லைன் வோல்ட் இறங்கி, அதோடு வயரில் ஏதோ ஒன்று விழுங்கி, இரண்டும் சேர்ந்தால்தான் 180-க்குக் கீழே போகும். அதனால்தான் பகலில் வந்தவருக்குப் பிடிபடவில்லை; இரவில் விழித்திருந்தவருக்கு மட்டும் தெரிந்தது.

டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் மோட்டார் 9 ஆம்பியர் எடுத்தது. 4 சதுர மில்லி அலுமினிய வயர் 60 மீட்டர் போய்த் திரும்பினால் 120 மீட்டர். 9 ஆம்பியருக்கு அந்த நீளத்தில் சுமார் 8 வோல்ட் குறையலாம். அது நியாயம். ஆனால் இங்கே 203-க்கும் 179-க்கும் 24 வோல்ட் வித்தியாசம். 8 போக மீதி 16 வோல்ட்டை நடுவில் எங்கோ ஓர் இடம் தின்கிறது. 16-ஐ 9-ஆல் பெருக்கினால் 144 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றும் நாற்பது வாட் பல்பு ஒன்றும் சேர்ந்து எரிகிற சூடு, ஒரு விரல் நீள இடத்தில். முதலில் 9 வோல்ட் தின்ற இடம் பத்து நிமிடத்தில் 16 வோல்ட் தின்றதே, அதற்கும் அந்தச் சூடுதான் காரணம். சூடு ஏற ஏறத் தடை கூடும். தடை கூடக் கூடச் சூடு ஏறும். ஃபேன் நின்றால் ஆறும். ஓடினால் மறுபடி காயும்.

காய் ஏற்றிய ஸ்டோரை நிறுத்திவைக்க முடியாது. ஜெனரேட்டரை ஓட்டி, சேஞ்ச் ஓவரை அந்தப் பக்கம் தள்ளினோம். ஃபேன் பிசகாமல் ஓடியது. ஷெட்டுக்குப் போய் மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கேரியர் இரண்டையும் உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 33 வருடப் பழக்கம் அது. ஃபியூஸ் நம் பையில் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் ஆன் செய்ய முடியாது. டெஸ்ட் லேம்ப் வைத்து வயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் டார்ச் அடித்துக்கொண்டு லைனோடு நடந்தோம்.

நடுவில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பார்த்துவிட்டோம். ஆனி மாதக் காற்றில் கிளை விழுந்து வயர் அறுந்திருக்கிறது. யாரோ ஒருவர் அவசரத்துக்கு ஒரு துண்டுச் செம்பு வயரை வைத்து முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறார். நியூட்ரல் வயர். டேப் பழுப்பாகிக் கெட்டித்துப்போயிருந்தது. இரண்டு பக்கமும் நாலு விரற்கடை அளவுக்கு வயரின் உறை உருகியிருந்தது. அந்தக் குளிரில் மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்க, அந்த முறுக்கு மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. டேப்பைக் கிழித்தேன். உள்ளே வெள்ளைப் பொடி.

அலுமினியத்தையும் செம்பையும் நேராகச் சேர்த்து முறுக்கக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும், அலுமினியம்தான் தேயும். அந்த வெள்ளைப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. மழையும் மூடுபனியும் விடாத மலையில் இது வேகமாக நடக்கும். அமெரிக்காவில் 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயர் போட்டார்கள். இணைப்புகள் சூடாகித் தீப்பிடித்ததால் பிறகு அந்த வழக்கத்தையே மாற்றினார்கள். அங்கே காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிகளிலும் குளிருக்கு ஒரு சூட்டடுப்பு உண்டு. அதன் ஃபேன் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். எங்கோ ஓர் இணைப்பு துருப்பிடித்து இரண்டு வோல்ட் குறைந்தால் ஃபேன் மெதுவாகும். காற்று போதவில்லை என்று ஒரு சின்ன சுவிட்ச் அடுப்பைப் பற்றவிடாது. அடுப்பு கெட்டுவிட்டது என்று அடுப்பையே மாற்றுகிறவர்கள் அங்கேயும் உண்டு. எந்த நாடாக இருந்தாலும் கரண்டின் குணம் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலக்ட்ரீசியன் தம்பி டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். டெஸ்டர் எரிந்திருக்கிறது. எரியத்தான் செய்யும். டெஸ்டர் ஃபேஸைக் காட்டுமே தவிர, நியூட்ரல் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அந்த நியூட்ரல் முழுசாக அறுந்திருந்தால் ஃபேன் நின்றிருக்கும். ஆனால் ஸ்டோர்ப் பக்கம் தொங்கும் துண்டு, மோட்டார் வழியாக வரும் கரண்டோடு உயிராக இருந்திருக்கும். நியூட்ரல்தானே என்று தொட்டவன் கதி என்ன ஆகும்? கீழே சருகு குவிந்து கிடந்தது. பத்தடி தள்ளி விறகுக் குவியல்.

அன்று இரவு முழுவதும் ஜெனரேட்டரில்தான் ஓட்டினோம். நானும் பெரியவரும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்க் கையைக் காட்டிப் பார்த்து "அம்பது இருக்கும்" என்பார். நான் போய் மானியில் பார்ப்பேன். 49, 51 என்றிருக்கும். விடியும்வரை அவர் கண் மூடவில்லை. எனக்குத்தான் நடுவில் இரண்டு தடவை கண் சொக்கியது.

மறுநாள் போடிக்கு ஆள் அனுப்பி, இணைப்பே இல்லாமல் ஒரே நீளமாகப் புது வயர் வாங்கி, எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டு அவரை வைத்தே இழுத்தோம். நல்ல பையன். சுமையோடு அளப்பது எப்படி என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று இரவு ஏழரைக்கு அளந்தால் மீட்டரில் 203, ஸ்டோரில் 196. அதற்குப் பிறகு சுவரில் கோடு விழவில்லை. அந்தத் தடவை இறக்கிய காய் மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் ஒரே பச்சை.

மருமகன் நல்லவன்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதனுக்கு நிதானம் போய்விடுகிறது. பிடித்த சம்பளத்தை எண்ணி எடுத்து, மேலே ஓர் ஐநூறும் வைத்துப் பெரியவரிடம் நீட்டினான். அவர் தன் கணக்குக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஐநூறைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் தம்பி. நான் தூங்கிட்டேன்னு நாலு பேர்கிட்டச் சொன்னீங்கல்ல, அந்த நாலு பேர்கிட்டயும் தூங்கலைன்னு சொல்லிருங்க. அது போதும்."

மருமகன் தலையைக் குனிந்தபடி நின்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரம் வந்து, ஜீப் நிற்கும் இடத்தில், டீக்கடையில், என் காதுபடவே நடந்ததைச் சொன்னான். குடித்துவிட்டுப் படுத்தார் என்று சொன்னவரும் அங்கே இருந்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவதூறு ஒரு நாளில் மலை இறங்கியது. உண்மைக்குப் பத்து நாள் ஆயிற்று. ஆனாலும் வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் வீடுகளிலும் இது நடக்கும். மோட்டார் போட்டால் லைட் மங்குகிறதா? ஃபேன் ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் ஓடுகிறதா? சுவிட்ச் போர்டிலோ மெயினிலோ சூடும் பிளாஸ்டிக் கருகும் வாடையும் இருக்கிறதா? லைனில் வோல்ட் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ ஓர் இணைப்பு காய்ந்துகொண்டிருக்கலாம். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். விவரம் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடும்போது இரண்டு முனையிலும் வோல்ட் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியத்தோடு செம்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கென்று விற்கும் பைமெட்டல் இணைப்பைப் போடச் சொல்லுங்கள். ஒரு பொருளை மாற்றும் முன், அது கெட்டுவிட்டதா என்று நிரூபிக்கச் சொல்லுங்கள். காண்டாக்டர், கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட் என்று என் மருமகன் மாற்றியதெல்லாம் நல்ல சாமான்கள்.

அதற்கும் முன்னால், ராத்திரி முழுக்க அந்த இயந்திரத்தின் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரை உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். மீட்டர் நாம் வைக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கும். அவர் எல்லா நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார்.